ஆசாரி வீட்டில் எதைப் பார்ப்பது?

நீங்கள் கேட்டது இது. அப்பாவுக்கு மரவேலையில் பைத்தியம், ஓய்வு பெற்ற பிறகு மொட்டைமாடியில் சின்னதாகப் பட்டறையே போட்டுவிட்டார். அடுத்த மாதம் இரண்டு நாள் காரைக்குடிப் பக்கம் வருகிறீர்கள். தன் கையாலேயே வீடு கட்டிக்கொண்ட ஒரு தச்சர், தெரிந்தவர் மூலமாக, வீட்டையும் பின்னால் இருக்கும் பட்டறையையும் காட்டச் சம்மதித்திருக்கிறார். போனால் எதைப் பார்ப்பது, என்ன கேட்பது, ஏதாவது வாங்கலாமா?

நான் ஆசாரி இல்லை. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து ஆசாரிகளோடு சுற்றியவன். அவர்களிடம் கேட்டுக் கற்றதும் உண்டு, காசைத் தொலைத்துக் கற்றதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள். நீங்கள் போகும் நாள் அமாவாசையாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். அன்று உளியைத் தொடமாட்டார்கள். மனிதர் வீட்டில் இருப்பார், காபி கொடுப்பார், நன்றாகப் பேசவும் செய்வார். ஆனால் வேலை நடக்காத பட்டறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? காலை ஒன்பதரை, பத்துக்குப் போனால் கை சூடு பிடித்திருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. சென்னையில் இருந்து பல்லவன் ரயிலில் வந்தால் இரவு காரைக்குடியில் இறங்கித் தூங்கி எழுந்து போகச் சரியாக இருக்கும்.

ஆனால் நேராக ஆசாரி வீட்டுக்குப் போகாதீர்கள். முதல் நாள் செட்டிநாட்டுப் பெரிய வீடு ஒன்றைப் பார்த்துவிடுங்கள். ஆத்தங்குடியில் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடு இருக்கிறது. கானாடுகாத்தானில் 1912-ல் கட்டி முடித்த அரண்மனையை வெளியில் நின்று பார்த்தாலே அளவு புரியும். உள்ளே போனதும் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுப்பார்கள். நீங்கள் தலையைத் தூக்குங்கள். தலைவாசல் நிலையில் இருந்து தொடங்குங்கள். கஜலட்சுமி, யாளி, அன்னம், கொடிக்கருக்கு என்று நெருக்கி நெருக்கிச் செதுக்கியிருப்பார்கள். அது முகப்பு, ஊருக்குக் காட்டுவதற்கான இடம். வளவு என்கிற நடுமுற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போகப் போக வேலைப்பாடு குறைந்துகொண்டே வரும். கடைசியில் வெறும் சட்டமும் பலகையுமாக நிற்கும். அந்த வெறும் சட்டத்தைத்தான் அப்பாவை நின்று பார்க்கச் சொல்வேன். செதுக்கல் கண்ணை மறைக்காத இடத்தில்தான் சேர்மானம் தெரியும்.

பழைய கதவு ஒன்றின் கீழ் மூலையையும் பாருங்கள். பலவற்றில் கீலே இருக்காது. கதவின் மரமே மேலும் கீழும் குடுமியாக நீண்டு, குழியில் உட்கார்ந்து சுழலும். நூறு வருடமாக வீட்டுக்காரர்கள் எண்ணெய் விட்டு விட்டு அந்த இடம் கறுத்துப் பளபளவென்று இருக்கும்.

அந்த மரம் எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்தில், சுமாராக 1850-க்குப் பிறகு 1940-கள் வரை, இந்த வீடுகள் எழுந்தன. அங்கே தேக்கை வெட்டுவதற்கு முன்னால் மரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்குள் இருக்கும் வெள்ளை மரத்தையும், நடுவில் இருக்கும் கெட்டியான வயிரம் வரைக்கும் வெட்டிவிட்டு, நின்றபடியே இரண்டு மூன்று வருடம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கிவிடும், காய்ந்தால்தான் மிதக்கும். மிதந்தால்தான் ஐராவதி ஆற்றோடு ரங்கூன் வரை கொண்டுவர முடியும். ஆற்றுப் போக்குவரத்துக்காகச் செய்த வேலைதான், ஆனால் மரம் பதப்பட்டு வந்தது நம் ஊர் ஆசாரிக்கு அதிர்ஷ்டம். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் பணம் நின்றது, மரமும் நின்றது. மியான்மர் 2014 ஏப்ரலில் இருந்து உருட்டு மர ஏற்றுமதியையே தடை செய்துவிட்டது. ஆகவே இன்று கடையில் ஒருவர் "பர்மா தேக்கு, புதுச் சரக்கு" என்றால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். இன்றைக்கு இறக்குமதியாகும் தேக்கு உருட்டுகள் பெரும்பாலும் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவை. அது கெட்ட மரம் என்று சொல்லவில்லை. வேகமாக வளர்ந்த மரம், அவ்வளவுதான். பலகையின் வெட்டுமுகத்தில் வளையங்களை எண்ணச் சொல்லுங்கள். பழைய காட்டுத் தேக்கில் நெருக்கமாக இருக்கும், தோட்டத் தேக்கில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

சரி, ஆசாரி வீடு.

உங்கள் தச்சர் யார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆசாரியின் வீட்டைச் சொல்கிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். காரைக்குடியில் இருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். தெருவில் இருந்து பார்த்தால் ஓட்டு வீடு, அவ்வளவுதான். திண்ணையில் நான்கு தூண், நான்கும் நான்கு விதம். ஒன்று உருண்டை, ஒன்று எண்பட்டை, ஒன்றில் பாதி உயரம்வரை கொடி ஓடும். நான்காவது எந்த வேலையும் இல்லாத சதுரம். உயரம்கூட ஒன்றாக இல்லை, அடியில் வைத்த கருங்கல்லை ஏற்றி இறக்கிச் சமன் செய்திருக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டேன். "கெடைச்சப்ப கெடைச்சதுண்ணே" என்றார்.

அந்தப் பதிலுக்குள் ஒரு பெரிய கதை இருக்கிறது. பங்காளிகள் பெருகிப் பெருகி, ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பேர் பங்கு என்றாகி, பராமரிக்க ஆளில்லாமல், கடைசியில் வீட்டைப் பிரித்து விற்றுவிடுவது இங்கே ரொம்ப நாளாக நடக்கிறது. பிரித்த மரம் கடைக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் தெரியும், தூண், நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி என்று வீடு வீடாகக் குவிந்து கிடக்கும். நல்ல துண்டுகள் வெளியூர் ஹோட்டலுக்கும் பங்களாவுக்கும் போய்விடும். உடைந்தது, செல் அரித்தது, ஜோடி இல்லாதது எல்லாம் மிஞ்சும். அந்த மிச்சத்தை எடைக்கு வாங்கித்தான் நம் ஆள் பதினான்கு வருடத்தில் வீட்டைக் கட்டினார். பெரிய வீடுகளைக் கட்டியவர்களுக்குக் கூலி கிடைத்தது. அவர்கள் பேரனுக்கு அதே மரம் துண்டாகத்தான் கிடைத்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, அவருக்கு அவ்வளவாக இல்லை.

அப்படிப்பட்ட வீட்டில் அப்பா கவனிக்க வேண்டியது மரமும் மரமும் சேரும் ஒட்டுக்களை. நிலையின் மேல் மூலையைப் பாருங்கள். ஒரு மரத்தில் துளை, இன்னொன்றில் அதற்குள் நுழையும் நாக்கு, அதுதான் கழுந்து, குறுக்கே ஒரு மர ஆணி. இரும்பே கிடையாது. அந்த ஆணித் துளை இரண்டு மரத்திலும் நேர்க்கோட்டில் இருக்காது. கழுந்தில் உள்ள துளையை ஒரு நூல் அளவு தோள் பக்கமாக, அதாவது கழுந்து தொடங்கும் பக்கமாக, தள்ளிப் போடுவார். ஆணியை அடிக்க அடிக்க அது கழுந்தை உள்ளே இழுத்து இறுக்கும். பசை காய்ந்து போனாலும் இந்த இழுப்பு போகாது. இதை வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. "ஆணியத் தள்ளிப் போடுவீங்களா?" என்று அப்பா ஒரு வார்த்தை கேட்டால் போதும், அதற்குப் பிறகு அந்த மனிதர் உங்களை மதியச் சாப்பாடு வரை விடமாட்டார்.

அடுத்தது கதவுப் பலகை. சட்டத்தில் காடி என்கிற நீளப் பள்ளம் எடுத்து அதற்குள் பலகையைச் சும்மா சொருகியிருப்பார்கள், பசை போடமாட்டார்கள். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஐப்பசி மழைக்கு ஊதும், சித்திரை வெயிலுக்குச் சுருங்கும். தேக்கில் இது மற்ற மரங்களைவிடக் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. பலகை உள்ளே நகர இடம் வேண்டும். நான் காசைத் தொலைத்துக் கற்றது இதுதான். சென்னையில் ஒரு வாடிக்கையாளரின் அடுக்குமாடி வீட்டுக்குப் பழைய கதவு ஒன்றைச் சீர்செய்து கொடுத்தோம். பலகை காடிக்குள் லேசாக ஆடுகிறது, தட்டினால் சத்தம் வருகிறது என்று அவர் சொன்னார். வேறொரு ஆளை வைத்துக் காடி முழுக்கப் பசை ஊற்றி இறுக்கச் சொன்னவன் நான்தான். அடுத்த மே மாதம், ராத்திரியும் பகலும் ஏசி ஓடும் அறையில், பலகை நடுவில் மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பட்டாசு வெடித்த மாதிரி சத்தம் கேட்டதாம். விஷயத்தைக் கேட்ட ஆசாரி என்னைத் திட்டவில்லை. "மூச்சு விட எடம் வேணும்ல" என்றதோடு சரி.

பிளவு என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் அப்பா புத்தகங்கள் படிப்பவர் என்றால் ஜார்ஜ் நகஷிமாவைத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் தானே வடிவமைத்துக் கட்டிய வீட்டிலும் பட்டறையிலும் வாழ்ந்த மரக்கலைஞர். 1930-களில் பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியைக் கட்டிய குழுவில் இருந்தவர் அவர். பலகையில் பிளவு இருந்தால் மறைக்கமாட்டார், பட்டாம்பூச்சி வடிவத்தில் ஒரு மரத்துண்டைக் குறுக்கே பதித்துப் பிளவை அப்படியே காட்டுவார். நம் ஆசாரி வீட்டு ஊஞ்சல் பலகையின் அடியிலும் அதே மாதிரித் துண்டு மூன்று இருக்கிறது. நகஷிமாவை அவர் கேள்விப்பட்டதே இல்லை. அவர் அதை அடிப்பக்கம் வைத்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம். ஊஞ்சலில் உட்காருவதோடு நிற்காதீர்கள், அனுமதி கேட்டுக் குனிந்து அடியைப் பாருங்கள். மேஜை, பெட்டி, மாடிப்படி எதுவானாலும் அடிப்பக்கமும் பின்பக்கமும்தான் பேசும். உத்தரத்தின் மேல்பக்கத்தில் இழைப்புளி படாமல், வாய்ச்சி என்கிற கொத்தும் கருவியால் கொத்திய தடம் அப்படியே செதில் செதிலாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதற்கு இழைப்பது என்று விட்டிருப்பார்கள்.

இப்போது பட்டறை. செருப்பை வெளியே விடுங்கள். கீழே கிடக்கும் உளியைத் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். அவர்களுக்கு அது சாமி. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனக் கறை பல மாதம் கழித்தும் கைப்பிடியில் இருக்கும். கூப்பிடும்போது "ஐயா" என்றோ, வயது ஒத்தவர் என்றால் "அண்ணே" என்றோ கூப்பிடுங்கள். வெறும் "ஆசாரி" என்று கூப்பிடுவது ஊருக்குள் பழகியவர்களுக்குள் சரி. முதல்முறை வருபவர் அப்படி அழைத்தால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும்.

கொட்டாப்புளி, இழைப்புளி, வாய்ச்சி, துரப்பணம், மூலைமட்டம் எல்லாம் அப்பாவுக்கே தெரியும். நீங்கள் கேட்டுப் பார்க்க வேண்டியது முழக்கோல், தச்சர்களின் பழைய அளவுகோல். தச்சு முழம் என்பது நம் டேப்பில் 33 இன்ச். அதை 24 பங்காகப் பிரித்திருக்கும், ஒரு பங்கு ஒன்றே காலே அரைக்கால் இன்ச். இப்போது எல்லோரும் மில்லிமீட்டரில்தான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் நிலை வைக்கும்போது உள்ளளவை முழக்கோலில் ஒருமுறை போட்டுப் பார்த்துப் பொருத்தம் கணக்கிடாமல் பல வீட்டுக்காரர்கள் விடமாட்டார்கள். பழைய நிலையை அளந்துவிட்டு "ஏன் இந்த அளவு முழு அடியாக வரவில்லை" என்று குழம்பும் இன்ஜினியர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் குழம்பியிருக்கிறேன்.

ஒரு ஓரத்தில் காந்தம் ஒன்று கயிற்றில் தொங்கும். எதற்கு என்று கேட்காதவர்கள் உண்டு. பழைய மரத்துக்குள் யாரோ எப்போதோ அடித்த ஆணி முறிந்து புதைந்து கிடக்கும். ரம்பத்தில் அது சிக்கினால் பல் போச்சு. அதனால் அறுப்பதற்கு முன் மரம் முழுக்கக் காந்தத்தைத் தடவுவார்கள். தேக்கில் இயற்கையாகவே மணல்சத்து இருக்கிறது, சும்மாவே உளி மழுங்கும். பாதி நேரம் அவர் தீட்டிக்கொண்டுதான் இருப்பார், அதைச் சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள்.

மெருகைப் பற்றியும் கேளுங்கள். அவலரக்கை, அதாவது அவல் மாதிரிச் செதிலாக இருக்கும் அரக்கை, ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் துணியால் தேய்த்து ஏற்றும் பழைய பாலிஷ் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். உப்புத்தாள் போட்டு, தேய்த்து, காயவிட்டு, மறுபடி உப்புத்தாள் என்று நாட்கணக்கில் போகும். அதற்குக் கூலி கொடுக்க ஆளில்லாததால் ஸ்பிரே அடிக்கிறார்கள். கூரைக் கைமரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது இன்னொரு பழைய வழக்கம், கறையானுக்காக. கையில் பட்டால் தோல் புண்ணாகும். வீச்சமும் பல நாள் இருக்கும்.

வாங்குவதைப் பற்றி. அவரிடம் கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி மெஷினில் செதுக்கிய சாமிப் படங்களும் இருக்கலாம், அதில் தப்பில்லை, பிழைப்பு. ஆனால் அதைக் கைவேலை விலைக்கு வாங்காதீர்கள். பார்த்துச் சொல்வது சுலபம். இடப்பக்க அன்னமும் வலப்பக்க அன்னமும் கண்ணாடியில் பார்த்தது போல அச்சாக இருந்தால் மெஷின். ஆழமான மூலைகள் கூர்மையாக இல்லாமல் உருண்டு முடிந்தால் மெஷின், அங்கே சுழலும் முனை நுழைய முடியாது. இதழுக்குப் பின்னால் விரல் விட்டுப் பாருங்கள். கைவேலையில் அடிப்பக்கம் குடைந்து இதழ் தூக்கி நிற்கும், சாதாரண மெஷின் மேலிருந்து கீழேதான் வெட்டும். மெஷினில் வெட்டி, கடைசியாகக் கையால் தொட்டுக் கொடுப்பதும் உண்டு. நேர்மையானவர் கேட்டால் சொல்லிவிடுவார்.

என்னைக் கேட்டால் அப்பாவுக்கு ஒரு பல்லாங்குழியோ அஞ்சறைப்பெட்டியோ சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். உடனே கிடைக்காது, இரண்டு மாதம் ஆகும், மூன்றாகவும் ஆகும். முன்பணம் கொடுத்துவிட்டு வாருங்கள். பட்டறையைக் காட்டியதற்குப் பணம் நீட்டினால் சங்கடப்படுவார்கள், வேலை கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். பழைய தூண் வாங்கி வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பலாமா என்று யாராவது யோசித்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக 1972-ஆம் வருடச் சட்டம் தனியாரை விடாது.

கேள்வி கேட்பதில் ஒரு சின்ன யோசனை. "இதைச் செய்ய எத்தனை நாள் ஆச்சு" என்று எல்லோரும் கேட்பார்கள், அவரும் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவைப்பார். அதை விட்டுவிட்டு, எந்த மரம் உங்களை ஏமாற்றியது என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்ட அன்றுதான் அவர் என்னைத் திண்ணைக்குக் கூட்டிப்போய், கொடி ஓடும் அந்தத் தூணுக்கு மேலே உத்தரத்தைத் தாங்கும் செதுக்கிய கட்டையை, போதிகையை, காட்டினார். எடைக்கு வாங்கிய சரக்கு. உள்ளே செல் அரித்திருக்கும் என்று நினைத்து விறகு விலை கொடுத்தாராம். அழுக்கைச் சுரண்டினால் உள்ளே கல்லு மாதிரி வயிரம்.

அப்புறம் உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஓர் உளியை எடுத்துவந்தார். முனை வளைந்த உளி, அவர் தாத்தாவுடையது. தீட்டித் தீட்டிப் பாதி நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. அதை போதிகையின் பூவிதழ் மேல் வைத்தார். வளைவு அப்படியே உட்கார்ந்தது, இடைவெளி இல்லை. அடுத்த இதழில் வைத்தார், அதிலும் உட்கார்ந்தது.

"அப்ப இது தாத்தா வேலையா?" என்றேன்.

"அப்புடிச் சொல்லிர முடியாதுண்ணே. இந்த அளவு உளி அன்னைக்கு ஊருக்குப் பத்து இருந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டே உளியைத் துணியில் சுற்றினார்.